அங்குல விமானம், மில்லிமீட்டர் விமானம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் சி-47, சோவியத் ஒன்றியத்தின் லி-2, ஜப்பானின் எல்2டி என்று ஒரே விமானம் மூன்று கொடிகளின் கீழ் பறந்தது. மூன்றுக்கும் மூலம், 1935 டிசம்பரில் கலிபோர்னியாவில் முதன்முதலாகப் பறந்த டக்ளஸ் டிசி-3. இதில் திருட்டு எதுவும் இல்லை. சோவியத்தும் ஜப்பானும் காசு கொடுத்து உரிமம் வாங்கியிருந்தன.

1936-ல் சோவியத் அரசு உரிமம் வாங்கியதும், பொறியாளர் போரிஸ் லிசுனோவ் சாண்டா மோனிகாவில் இருந்த டக்ளஸ் ஆலைக்குப் போய்த் தங்கினார். வரைபடம் கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது என்று தோன்றும். தொல்லையே அங்கேதான் தொடங்கியது. டக்ளஸின் அளவுகள் அங்குலத்தில். ரஷ்ய ஆலைகளுக்குப் பழக்கம் மில்லிமீட்டர். உதாரணத்துக்கு, 1/16 அங்குலத் தகடு என்றால் 1.5875 மி.மீ. மில்லிமீட்டரில் வேலை செய்யும் ஆலை அப்படியொரு தகட்டை உருட்டி வைத்திருக்காது. மெல்லிய தகட்டைப் போட்டால் வலு குறையும், தடித்ததைப் போட்டால் எடை ஏறும். ஒரு தகட்டில் இது அற்பம்தான். விமானம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் பயணிகளின் இருக்கையிலேயே கைவைக்கும். இந்த அளவு மாற்றத்தில் விளாதிமிர் மியாசிஷ்சேவுக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னாளில் சோவியத்தின் பெரிய குண்டுவீச்சு விமானங்களை வடிவமைத்தவர் அவர். மொத்தம் 1,200-க்கும் மேற்பட்ட திருத்தங்கள். பயணிகள் ஏறும் கதவுகூட இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனது. இதை வெறும் நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எஞ்சின் கதை இன்னும் சுவையானது. லி-2-இல் பொருத்தியது சோவியத் வடிவமைப்பாளர் ஷ்வெத்சோவின் எஞ்சின். அதன் முன்னோடியான எம்-25, அமெரிக்காவின் ரைட் சைக்ளோனை உரிமம் பெற்றுச் செய்தது. முதல் டிசி-3-ஐத் தூக்கிப் பறந்ததும் அதே சைக்ளோன்தான்! பிரிந்துபோன சொந்தம் ரஷ்யாவில் மறுபடி ஒன்றுசேர்ந்துவிட்டது.

1941-ல் ஜெர்மன் படை நெருங்கியபோது மாஸ்கோ ஆலை தாஷ்கந்துக்கு இடம்பெயர்ந்தது. பிஎஸ்-84 என்றிருந்த விமானத்துக்கு 1942-ல் லிசுனோவின் பெயரிலிருந்து லி-2 என்ற பெயர் வந்தது. 4,900-க்கும் மேல் செய்தார்கள்.

ஜப்பானுக்காக 1938-ல் 90,000 டாலருக்கு உரிமம் வாங்கியது மிட்சுயி வணிக நிறுவனம். பின்னால் நின்றது கடற்படை. ஷோவா, நாகாஜிமா ஆலைகளில் 487 விமானங்கள் உருவாயின. பெரும்பாலானவற்றில் மிட்சுபிஷியின் கின்செய் எஞ்சின். நேச நாடுகள் இவற்றுக்கு 'டேபி' என்று சங்கேதப் பெயர் வைத்தன. வானத்தில் தெரிவது நம்முடைய சி-47-ஆ, எதிரியின் டேபியா? பிந்தைய டேபிகளில் விமானி அறைக்குப் பின்னால் கூடுதலாகச் சில ஜன்னல்கள் இருந்தன. அவை கண்ணில் படும் அளவுக்கு நெருங்கினால்தான் அடையாளம் தெரியும்.