பல்கலைக்கழக வெப்சைட்டைக் காப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கி விட்டீர்கள். இணைய இணைப்பும் வந்து விட்டது. வீட்டில் கல்லூரி மாணவர் இருந்தால் அடுத்து தேடப் போவது தேர்வு முடிவைத்தான். காரைக்குடி பக்கம் வலையபட்டியில் இருப்பவர் என்றால், 1985ல் தொடங்கப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகத்தின் தளத்துக்குப் போவீர்கள். தேர்வு முடிவு, ஹால் டிக்கெட், கட்டணம், தொலைநிலைக் கல்வி விண்ணப்பம் என்று பல வேலைகளுக்காக மாணவர்கள் ஒரு பல்கலைக்கழகத் தளத்துக்கு வந்து கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தளத்தைப் பராமரிப்பவரை வெப் மாஸ்டர் என்கிறோம். அவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து கொண்டால், தளத்தைப் பார்க்கும் நமக்கும் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பது புரியும். இங்கே சொல்பவை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவானவை.

முகவரியின் மதிப்பு:

அழகப்பா பல்கலைக்கழகத் தளத்தின் முகவரி ‘டாட் ஏசி டாட் இன்’ என்று முடிகிறது. டாட் காம் முகவரியை யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கலாம். ஏசி டாட் இன் முகவரியை அப்படி வாங்க முடியாது. மத்திய அரசின் எர்நெட் இந்தியா என்ற அமைப்பு, கல்வி நிறுவனம்தானா என்று ஆவணங்களைப் பார்த்த பிறகே இதை வழங்குகிறது. அமெரிக்காவின் டாட் எடு முகவரிக்கும் இதே போன்ற கட்டுப்பாடு உண்டு.

இதனால் மக்களும், கூகுள் போன்ற தேடு தளங்களும் இந்த முகவரிகளை எளிதில் நம்புகின்றன. திருட வருபவர் குறி வைப்பதும் இந்த நம்பிக்கையைத்தான்.

திருடன் எதற்கு வருகிறான்?

முன்பெல்லாம் தளத்துக்குள் நுழைபவர்கள் முதல் பக்கத்தை மாற்றித் தங்கள் பெயரை எழுதி வைத்து விட்டுப் போவார்கள். காலையில் பார்த்ததும் தெரிந்து விடும். இப்போது சத்தமில்லாமல் வேலை நடக்கிறது. முதல் பக்கம் அப்படியே இருக்கும். உள்ளே எங்கோ ஒரு போல்டரில் ஆன்லைன் சூதாட்டம், போலி மருந்து ஆகியவற்றுக்கான பக்கங்களைப் போட்டு விடுவார்கள். பல்கலைக்கழக முகவரியில் இருப்பதால் தேடலில் அவை மேலே வரும். 2024 மே மாதத்தில் நம் நாட்டின் பல மாநில அரசுத் தளங்களிலேயே இப்படிச் சூதாட்டத் தளங்களுக்கு இழுத்துச் செல்லும் இணைப்புகள் இருந்தது செய்தியானது.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. முகவரியை நேரடியாக டைப் செய்து வருபவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். கூகுள் வழியாக வருபவருக்கு மட்டும் சூதாட்டப் பக்கம் திறக்கும். வெப் மாஸ்டர் தன் தளத்தை எப்போதும் நேரடியாகத் திறப்பவர் என்பதால், மாதக்கணக்கில் அவர் கண்ணில் படாமலே போகலாம்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கூகுள் தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று டைப் செய்து, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைக் கொடுங்கள். அடுத்து ஓர் இடைவெளி விட்டு ‘கேசினோ’ என்ற சொல்லைக் கொடுங்கள். அந்தத் தளத்தில் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் மட்டும் பட்டியலாக வரும். பல்கலைக்கழகத் தளத்தில் கேசினோவுக்கு என்ன வேலை? வாரம் ஒரு முறை இதைச் செய்து பார்ப்பது நல்லது. சந்தேகமான இணைப்பு வந்தால் அதில் கிளிக் செய்யக் கூடாது.

கொல்லைக் கதவு:

செட்டிநாட்டு வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முன்வாசலைப் பூட்டி விட்டுப் பின்வாசலை மறந்தால் பூட்டியதில் பயன் இல்லை. பல்கலைக்கழகத் தளமும் இப்படித்தான். பிரதான தளம் நன்றாக இருக்கும். ஆனால் ஏதோ ஒரு துறை சில ஆண்டுகளுக்கு முன் நடத்திய கருத்தரங்கத்துக்கு ஒரு சிறு தளம் அமைத்திருக்கும். கருத்தரங்கம் முடிந்தது, அமைத்துக் கொடுத்த மாணவர் படிப்பை முடித்துப் போய் விட்டார், தளம் மட்டும் அதே சர்வரில் கேட்பாரற்றுக் கிடக்கும். அதன் வழியாக நுழைபவர் பிரதான தளத்துக்கும் வந்து விட முடியும்.

ஆகவே வெப் மாஸ்டரின் முதல் வேலை பட்டியல் எடுப்பது. எந்தெந்தத் துறைக்கு எந்தெந்தத் தளம், எந்த சாப்ட்வேரில் இயங்குகிறது, பொறுப்பாளர் யார் என்று எழுதி வைக்க வேண்டும். பொறுப்பாளர் இல்லாத தளத்தைச் சாதாரணப் பக்கங்களாக மாற்றிச் சேமித்து விட்டு, அதை இயக்கிய சாப்ட்வேரை நீக்கி விட வேண்டும்.

ஏழு மணி நேரம்:

வேர்ட்பிரஸ், துருபல் போன்ற சாப்ட்வேர்களைக் கொண்டு தளங்கள் அமைக்கப்படுகின்றன. இவற்றில் ஓட்டை இருப்பது தெரிந்தால் தயாரிப்பவர்கள் உடனே திருத்தம் வெளியிடுவார்கள். அந்தத் திருத்தத்தைப் படித்தாலே ஓட்டை எங்கே என்பது திருடனுக்கும் தெரிந்து விடும். அதன் பிறகு யார் முந்துவது என்ற ஓட்டப் பந்தயம்தான்.

2014 அக்டோபர் 15 அன்று துருபலுக்கு ஒரு முக்கியத் திருத்தம் வந்தது. நம் நேரப்படி அப்போது இரவு 9.30 மணி. இரண்டு வாரம் கழித்து துருபல் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. திருத்தம் வெளியான ஏழு மணி நேரத்துக்குள் அதைப் பொருத்தாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டு விட்டதாகவே கருதிக் கொள்ள வேண்டும் என்றது. காலையில் அலுவலகம் வந்து பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு அதற்குள் நேரம் கடந்து விட்டது. எனவே தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் அதை இயக்கி வைக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

தினமும் கவனிக்க வேண்டியவை:

1. பாஸ்வேர்டு: அலுவலகம் முழுவதும் ஒரே பாஸ்வேர்டைப் பயன்படுத்தக் கூடாது. ஆளுக்கு ஒரு கணக்கு வேண்டும். மொபைலில் வரும் இரண்டாவது சோதனை எண்ணும் இருக்க வேண்டும். பணி மாறிச் செல்பவரின் கணக்கை அன்றே மூட வேண்டும்.

2. பைல் ஏற்றும் இடம்: விண்ணப்பத்துடன் போட்டோ, சான்றிதழ் ஏற்றச் சொல்லும் பக்கங்கள் உண்டு. அங்கே போட்டோவுக்குப் பதில் ஒரு புரோகிராமை ஏற்றி இயக்கி விட்டால் சர்வரே கை மாறி விடும். அனுமதித்த வகை பைல்களை மட்டுமே ஏற்க வேண்டும். அவை சேரும் போல்டரில் எந்த புரோகிராமும் இயங்காதபடி அமைக்க வேண்டும்.

3. தேர்வு முடிவுப் பக்கம்: முகவரியில் உள்ள பதிவு எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றினால் அடுத்த மாணவரின் மதிப்பெண் வருகிறதா? வந்தால் அது பெரிய ஓட்டை. கேட்பவர் அந்த மாணவர்தானா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும்.

4. கூட்டம்: முடிவு வெளியாகும் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். முடிவுகளுக்குத் தனி சர்வர் ஒதுக்கினால் மற்ற பக்கங்கள் தடையின்றி இயங்கும்.

5. பேக்கப்: மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது நல்ல கணக்கு. அதே சர்வரில் பேக்கப் வைத்தால் சர்வரோடு அதுவும் போய் விடும். பேக்கப்பிலிருந்து தளத்தை மீண்டும் கொண்டு வர முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும்.

6. புதுப்பித்தல்: முகவரிக்கும், பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழுக்கும் காலக்கெடு உண்டு. சான்றிதழ் காலாவதியானால் பிரவுசர் பெரிய எச்சரிக்கை காட்டும். இரண்டின் தேதியையும் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.

திருட்டு நடந்து விட்டால்?

சூதாட்டப் பக்கத்தை அழித்து விட்டால் போதும் என்று நினைப்பது தவறு. நுழைந்த வழி திறந்தே இருக்கும். தளத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, சர்வரின் பதிவேட்டைப் பார்த்து, எந்த வழியாக வந்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஓட்டையை அடைத்து, எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றி, பழுதில்லாத பேக்கப்பிலிருந்து தளத்தை மீண்டும் அமைக்க வேண்டும்.

2004 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய செர்ட் இன் என்ற மத்திய அரசு அமைப்பு இத்தகைய சம்பவங்களைக் கவனிக்கிறது. 2022 ஏப்ரலில் அது பிறப்பித்த உத்தரவின்படி, இப்படிப்பட்ட ஊடுருவல் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்கவும் வேண்டும். மறைத்து வைத்தால் அவப்பெயர் தப்பும் என்று நினைத்தால், கடைசியில் அவப்பெயர்தான் பெருகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

பல்கலைக்கழகத் தளத்துக்குப் போகும் போது முகவரியைக் கவனியுங்கள். முதல் சாய்வுக் கோட்டுக்கு முன்னால் அது எப்படி முடிகிறது என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரும் ஏசி டாட் இன்னும் வந்த பிறகும் கோடு வராமல், வேறு ஒரு பெயரும் டாட் காமும் தொடர்ந்தால் அது பல்கலைக்கழகத்தின் தளம் அல்ல. பிரவுசர் ‘இணைப்பு பாதுகாப்பானது’ என்று காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையிலான பாதையில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதே அதன் பொருள். பாதையின் மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. போலித் தளங்களும் இந்தச் சான்றிதழை வாங்க முடியும்.

தேர்வுக் கட்டணம் கட்டச் சொல்லி எஸ்.எம்.எஸ்.ஸிலோ வாட்ஸ்அப்பிலோ இணைப்பு வந்தால் அதன் வழியாகச் செல்லாதீர்கள். முகவரியை நீங்களே டைப் செய்து செல்லுங்கள். பணம் ஏமாந்து விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

ஒரு பல்கலைக்கழகத் தளத்தில் சம்பந்தமில்லாத பக்கம் கண்ணில் பட்டால், படம் எடுத்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வெப் மாஸ்டருக்குத் தெரியாத ஒன்றாக அது இருக்கலாம். நாளை உங்கள் கடைக்கோ ஊர்க் கோயிலுக்கோ ஒரு தளம் தொடங்கினால், அப்டேட், பாஸ்வேர்டு, பேக்கப் இந்த மூன்றையும் முதல் நாளிலிருந்தே கவனியுங்கள்.