தவறு நடக்கும், உயிர் போக வேண்டியதில்லை

வண்டிச் சாவியைக் கையில் எடுத்ததும் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்: "பார்த்துப் போப்பா." தொழிற்சாலை வாசலில் அதையே பெரிய எழுத்தில் பலகையாக எழுதி வைத்திருப்பார்கள். விபத்து நடந்த பிறகு காவல் நிலையத்திலும் கம்பெனி அலுவலகத்திலும் எழுதப்படும் காரணம் பெரும்பாலும் ஒரே சொல்தான்: கவனக்குறைவு. அத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. கவனம் ஏன் குறைந்தது, குறையும் என்று தெரிந்தும் அதற்கு என்ன ஏற்பாடு செய்திருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் தமிழ்நாட்டின் பங்கு 17,884. விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு: 64,105. இத்தனை பேரும் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? பன்னிரண்டு மணி நேரம் ஒரு நொடிகூடக் கவனம் பிசகாமல் இருக்கும் மூளை எந்த மனிதருக்கும் கிடையாது. சுவீடன் 1997-இல் தன் சாலைக் கொள்கையை மாற்றியபோது இந்த உண்மையிலிருந்துதான் தொடங்கியது. மனிதர் தவறுவார், தவறினால் உயிர் போகாதபடி சாலையையும் வண்டியையும் வேகத்தையும் அமைப்பது, அமைக்கும் இடத்தில் இருப்பவர்களின் பொறுப்பு. பட்டறைக்கும் இதே கணக்குதான்.

தூக்கம்: மூச்சுக் கருவியில் தெரியாத போதை

குடித்துவிட்டு ஓட்டுபவரைப் பிடிக்கக் கருவி இருக்கிறது. தூக்கத்தில் ஓட்டுபவரைப் பிடிக்க அப்படி ஒன்றும் இல்லை. 1997-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று காட்டியது. நம் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவீதம். அதாவது காலை ஐந்து மணிக்கு எழுந்து, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இரவு பத்தரை மணிக்குக் காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறவர், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே அந்த வரம்பைத் தாண்டிய நிலையில்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்.

உடலுக்குள் ஓடும் கடிகாரம் பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை நம்மை அடித்துப் போடப் பார்க்கும். மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை இன்னொரு சிறிய சரிவு உண்டு. இந்த நேரங்களில் கண் திறந்தபடியே மூன்று, நான்கு நொடிகள் மூளை அணைந்துவிடும். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி என்றால் நூறு மீட்டர். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் விடியற்காலையில், நின்றிருக்கும் லாரியின் பின்னால் வேன் மோதிய செய்திகளைப் படித்துப் பாருங்கள். பிரேக் பிடித்த தடமே சாலையில் இருக்காது. இதில் லாரிக்காரர் பக்கமும் ஒரு வேலை உண்டு. பஞ்சராகி நிற்கும் லாரிக்குப் பின்னால் இரண்டு செங்கல்லையும் ஒரு வேப்பங்கொத்தையும் வைப்பது போதாது. வண்டியை முழுவதுமாகச் சாலையை விட்டு இறக்க வேண்டும். ஒளிரும் முக்கோணத்தைக் குறைந்தது ஐம்பது மீட்டர் பின்னால் வைக்க வேண்டும்.

இரவில் வண்டிகளை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பும் வழக்கம் நம் நெடுஞ்சாலைக் காவலர்களிடம் உண்டு. நல்ல மனசு, ஆனால் தண்ணீரும் பாட்டும் திறந்த ஜன்னலும் தூக்கத்தைக் கொஞ்ச நேரம்தான் தள்ளிப்போடும். காபியின் வேலை தொடங்கவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே காபியைக் குடித்துவிட்டு, வெளிச்சமான பெட்ரோல் பங்கிலோ சுங்கச்சாவடி ஓரத்திலோ வண்டியை நிறுத்தி, இருபது நிமிடம் கண் அயருங்கள். எழும்போது காபியும் கைகொடுக்கும். கடந்த சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்பது நினைவில் இல்லையென்றால், அதுதான் கடைசி எச்சரிக்கை.

மருத்துவக் காரணங்களையும் பார்க்க வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் சாதாரணமாக வாங்கிப் போடும் பல மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பவை. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர் சாப்பிடாமல் ஓட்டினால், சர்க்கரை இறங்கி நிதானம் தப்பும். இரவெல்லாம் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழும் ஓட்டுநருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருக்கலாம். அது சிகிச்சையில் கட்டுப்படக் கூடியது. இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று, ஓட்டுநரின் வேலை நேரம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வரையறுத்துவிட்டது. திருமணத்துக்கு வேன் பேசும்போது, "டிரைவர் நேற்று ராத்திரி தூங்கினாரா, மாற்று டிரைவர் உண்டா?" என்று கேட்பது, "ஏசி உண்டா?" என்று கேட்பதை விட அவசியம்.

வேகம்

அறுபதில் போகும் கார் ஒன்றும் எண்பதில் போகும் கார் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். திடீரென்று முன்னால் ஒரு குழந்தை. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆகிறது. நல்ல டயர், காய்ந்த சாலை என்றால் அறுபதில் வந்த கார் சுமார் 45 மீட்டரில் நின்றுவிடும். எண்பதில் வந்த கார் அதே இடத்தைக் கடக்கும்போது அதன் வேகம் எவ்வளவு இருக்கும் தெரியுமா? இருபதுதான் வித்தியாசம் என்பதால் பத்தோ இருபதோ இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். கணக்கிட்டால் அறுபதுக்கு மேல் வருகிறது. வேகம் கூடும்போது, பிரேக் பிடிக்கும் முன்பே கடந்துவிடும் தூரமும் கூடுகிறது, மோதும் ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு ஊருக்குள் நுழையும் இடத்தில் சாலையைக் குறுக்கி, பள்ளி முன்னால் நடைபாதையை உயர்த்தி, சந்திப்பில் ரவுண்டானா கட்டினால், வேகம் தானாக இறங்கும். வர்ணமும் விளக்கும் இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் வேகத்தடை அந்தக் கணக்கில் சேராது. அதுவே எத்தனையோ பேரைத் தூக்கி எறிந்திருக்கிறது.

மோதல் நடந்தே விட்டால் காக்கும் தலைக்கவசம் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. விபத்தில் மரணத்தைச் சுமார் 40 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 70 சதவீதமும் அது குறைக்கிறது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு நசுங்கித்தான் மூளைக்குப் போகும் அடியை வாங்கிக்கொள்கிறது. ஆகவே ஒரு முறை பலமாக அடி வாங்கிய கவசத்தை மீண்டும் மாட்டாதீர்கள். தாடைக்குக் கீழ் வாரைப் பூட்டாவிட்டால் முதல் அடியிலேயே கழன்று பறந்துவிடும். பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் அதே தலைதான். அவருக்கும் கவசம் வேண்டும். சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிவிட்டுப் பிறகு வண்டியைக் கிளப்புங்கள்.

விரல் போகும் இடம்

தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸின் முன் நின்றிருக்கும் தொழிலாளியைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். இடது கை தகட்டை டை என்ற அச்சுக்குள் வைக்கும். கால் மிதியை அழுத்தும். மேலிருந்து ராம் என்ற அழுத்தும் பாகம் இறங்கி ஏறும். வலது கை வெட்டிய துண்டை எடுக்கும். வைப்பது, மிதிப்பது, எடுப்பது. ஒரு ஷிப்டில் இது ஆயிரக்கணக்கான தடவை. பக்கத்தில் யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தகடு லேசாகக் கோணி நிற்கிறது. சரிசெய்யக் கை உள்ளே போகிறது. கால் பழக்கத்தில் மிதித்துவிடுகிறது. கவனக்குறைவு என்று இதையும் எழுதலாம். ஆனால் கையையும் காலையும் தனித்தனித் தாளத்துக்கு விட்ட இயந்திரம், அந்தத் தாளம் என்றாவது ஒரு நாள் தவறும் என்பதை எண்ணிப் பார்க்காமலே அங்கே நிறுத்தப்பட்டிருக்கிறது.

இதற்குத் தீர்வு தெரிந்ததுதான். மிதிக்குப் பதில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் இறங்கும். அழுத்தும் கை டைக்குள் இருக்க முடியாது. இன்னொன்று, கை குறுக்கே வந்ததும் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரை சென்சார். இவை இருந்தும் விரல் போகிறது என்றால், ஒரு பட்டனில் குச்சியைச் செருகியிருப்பார்கள், அல்லது சென்சாரை வயர் போட்டு ஏமாற்றியிருப்பார்கள். தொழிலாளியைத் திட்டும் முன் உற்பத்திக் கணக்கைப் பாருங்கள். பாதுகாப்போடு ஓட்டினால் எட்டாத எண்ணிக்கையை டார்கெட்டாக வைத்தது யார்? பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவருக்கு அந்தக் குச்சி ஒரு நாள் சாப்பாடு.

துண்டான விரலை நேரடியாக ஐஸில் போடக் கூடாது; திசு உறைந்து கெட்டுவிடும். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள பாத்திரத்தில் வைக்க வேண்டும். கையே துண்டானால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை தொடங்குவது நல்லது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைத் துறை இதற்குப் பேர்பெற்றது.

பழுது பார்க்கும்போது நடக்கும் விபத்து இன்னொரு வகை. உள்ளே ஒருவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருக்க, வெளியே ஒருவர் சுவிட்சைப் போட்டுவிடுவார். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் மெயினை ஆஃப் செய்துவிட்டு, பியூஸ் கட்டையைக் கழற்றித் தங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். பெரிய ஆலைகளில் பூட்டும் அட்டையும் கொண்டு செய்யும் பாதுகாப்பு முறையின் சாரமும் இதுதான்: வேலை செய்பவரின் உயிர் அவர் பையில் இருக்கும் சாவியில். மின்கம்பத்தில் ஏறுபவர்கள் எல்.சி. (லைன் கிளியர்) வாங்குவதும் இதற்காகவே. வாங்கிய பிறகும் லைனை எர்த் செய்யாமல் தொடக் கூடாது. எங்கோ ஒரு வீட்டின் ஜெனரேட்டர் பின்வழியாக மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

தொட்டிக்குள் இறங்காதீர்கள்

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் இந்த மரணம் ஒவ்வொன்றும் தடுக்கக்கூடியது, நடக்கும் விதமும் மாறுவதே இல்லை. கழிவுநீர்த் தொட்டியிலோ, தோல் ஆலையின் கழிவுத் தொட்டியிலோ ஒருவர் இறங்குகிறார். ஏணியில் பாதி தூரத்தில் மயங்கி விழுகிறார். கூட வந்தவர் பதறி இறங்குகிறார். அவரும் விழுகிறார். மூன்றாவதாக அண்ணனோ தம்பியோ இறங்குகிறார். மூடிய தொட்டி போன்ற இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1986-இலேயே எச்சரித்தது.

இந்தத் தொட்டிகளில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரம். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய முறை இந்த வாயுவைக் காட்டிக்கொடுக்காது. மீத்தேன் சேர்ந்திருந்தால் விளக்கே அதை வெடிக்க வைக்கும். முகத்தில் கட்டிய துண்டும் சாதாரண முகக்கவசமும் வாயுவைத் தடுக்காது.

கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உயர்த்தியது. வீட்டுத் தொட்டி நிறைந்தால் கழிவுநீர் உறிஞ்சும் லாரியை அழையுங்கள்; 14420 என்ற எண்ணில் உதவி கிடைக்கும். அடியில் தங்கிய வண்டலை அள்ள இருநூறு, முந்நூறு கூடக் கொடுத்து ஆளை இறங்கச் சொல்லாதீர்கள். ஆலைகளில் இறங்கியே ஆக வேண்டுமென்றால், கருவியால் வாயுவை அளந்து, காற்றை உள்ளே செலுத்தி, காற்றுக் குழாயுடன் கூடிய கவசமும் இடுப்பில் கயிறும் மாட்டி, மேலே ஒருவரை நிறுத்தி இறங்க வேண்டும். விழுந்தால் அந்தக் கயிற்றால் மேலிருந்தே இழுக்கலாம்.

விருதுநகர் மாவட்டம், முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தும் உதவப் போனவர்கள் இறக்கும் இந்தக் கதையோடு சேர்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் வெடிப்புக்குப் பிறகு உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள் அவர்களில் பலர். மருந்துக் கலவையில் சிறு உராய்வு போதும். அதனால்தான் ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று வரம்பு வைத்து, அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டச் சொல்கிறது விதி. உராய்வை முற்றிலும் தடுக்க முடியாது என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியும். அறையில் நால்வர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேரை உட்காரவைத்து, மரத்தடியிலும் வேலை கொடுக்கும்போது, ஓர் அறையோடு முடிய வேண்டியது ஆலை முழுக்கப் பரவுகிறது. புகை தெரிந்தால் எதிர்த் திசையில் ஓடுங்கள். பிறகு தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

அடிபட்டவர் முன்னால் நிற்கும்போது

முதலில் பின்னால் வரும் வண்டிகளை யாராவது நிறுத்தட்டும். 108-க்கு அழைத்து, கிலோமீட்டர் கல்லையோ பக்கத்துக் கடையின் பெயரையோ சொல்லுங்கள். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காமல், ஊறினால் மேலேயே இன்னொரு துணி. தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போகும், அறுவைச் சிகிச்சைக்கும் இடைஞ்சல். கழுத்தையும் முதுகையும் திருகாதீர்கள். கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடித்துத் திணித்ததால் தண்டுவடம் போனவர்கள் உண்டு. தீயோ மோதும் ஆபத்தோ இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருக்கட்டும். மூச்சு இருந்து நினைவு இல்லாமல் வாந்தி வந்தால் மட்டும், தலையும் உடலும் ஒன்றாகத் திரும்பும்படி இருவர் சேர்ந்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டி வருமோ என்ற பயம் வேண்டாம். உதவியவரை அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தெளிவாக்கியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவும் உதவியவரைக் காக்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும், எந்த ஊர்க்காரரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் இலவசம். ஆகவே காசு யார் கட்டுவது என்று அங்கே நின்று யோசிக்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் வந்ததும் அதில் வரும் உதவியாளரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு அடிபட்டது, இடையில் நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தாரா. தலைக்குள் இரத்தம் கட்டுகிறதா என்று மருத்துவர் முதலில் தேடுவது இந்தத் தடயங்களைத்தான்.