காபன்தானே, என்ன செய்துவிடும்?

நனோத் தொழினுட்பம் பற்றிய பாடத்தில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், காபன் பென்சிலிலும் இருக்கு, நம்மட உடம்பிலும் இருக்கு. அது எப்படி ஆபத்தாகும்?" நியாயமான கேள்வி. 'புற்றுநோயை அழிக்கும் நனோ மருந்து' என்று வட்ஸ்அப்பில் வருவதை நம்பி நோயாளியின் வீட்டார் அலையும் காலம் இது. ஆகவே விடையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காபன் நனோக்குழாய் தலைமயிரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மெல்லியது. மருந்தைக் கலத்துக்குள் கொண்டுசெல்லும் வாகனமாக அதைப் பயன்படுத்தலாமா என்று ஆராய்கிறார்கள். அங்கே காபன் என்பதைவிட அதன் வடிவமே முக்கியம். 2008இல் எடின்பரோ ஆய்வாளர்கள் எலிகளின் வயிற்றறைக்குள் இக்குழாய்களைச் செலுத்தினார்கள். நீண்டு நிமிர்ந்தவை அஸ்பெஸ்டஸ் நாரைப் போலவே அழற்சியை உண்டாக்கின. குட்டையானவையும் நூல்சிக்குப் போல் சுருண்டவையும் அப்படிச் செய்யவில்லை. உடலைத் துப்புரவாக்கும் கலங்களால் தம்மைவிட நீளமான நாரை முழுதாக விழுங்க முடியாது. பாதி விழுங்கித் திணறி, அழற்சியைத் தூண்டும் பதார்த்தங்களைக் கக்குகின்றன. (நம் வீட்டுக் கூரையின் அஸ்பெஸ்டஸ் தகட்டை அறுக்கும்போது தூசியைச் சுவாசிக்க வேண்டாம் என்பதும் இதனால்தான்.) 2014இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் நனோக்குழாய்களில் ஒரேயொரு வகையை மட்டும் 'மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என வகைப்படுத்தியது. மற்றவற்றைப் பற்றித் தீர்ப்பளிக்கச் சான்று போதவில்லை.

என்னை அதிகம் வியக்க வைத்தது, சோதனையே ஏமாந்த கதை. கலங்கள் உயிரோடு உள்ளனவா என்றறிய ஒரு மஞ்சள் சாயம் சேர்ப்பார்கள். உயிருள்ள கலம் அதை ஊதாப் பளிங்காக மாற்றும். நிறம் குறைந்தால் கலங்கள் இறந்துவிட்டன என்று கணக்கு. 2006இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள் இப்படிச் சோதித்தபோது, நனோக்குழாய் பட்ட நுரையீரல் கலங்களில் ஏறத்தாழப் பாதி இறந்ததாகத் தெரிந்தது. நீரில் கரையும் வேறொரு சாயத்தால் பார்த்தால் பாதிப்பே இல்லை! ஊதாப் பளிங்குகள் குழாய்களில் ஒட்டிக்கொண்டதே காரணம். ஆகவே ஒரேயொரு சோதனையை வைத்து 'நஞ்சு' என்றோ 'பாதுகாப்பானது' என்றோ யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

மனிதரிலும் சோதனை தொடங்கிவிட்டது. 2024இல் வெளியான ஆய்வில் 14 தொண்டர்கள் நன்கு தூய்மையாக்கிய கிராபீன் ஒட்சைட்டைச் சுவாசித்தார்கள். நுரையீரல் தொழிற்பாடு, குருதியழுத்தம் எதுவும் மாறவில்லை. ஆனால் அவர்களின் குருதியை உடலுக்கு வெளியே சோதித்தபோது உறையும் தன்மை சிறிது கூடியிருந்தது. அது சில மணிநேரம் சுவாசித்ததன் விளைவு மட்டுமே. ஊசியால் ஏற்றி, மாதக்கணக்கில் ஈரலில் தங்கினால் என்னாகும் என்பதற்கு வேறு சோதனைகள் வேண்டும்.