கச்சானில் வேகும் பற்றரி

மட்டக்களப்பில் மின்சாரக் கார் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, "ஒருக்காச் சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் ஓடும்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது, பற்றரியைக் குளிர வைக்க வண்டிக்குள் என்ன ஏற்பாடு இருக்கிறது என்பது.

நிசான் லீஃப் என்ற மின்சாரக் கார் தந்த பாடம் இது. 2015ஐ ஒட்டி வரி குறைந்திருந்த காலத்தில், ஜப்பானில் ஓடிய லீஃப்கள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு வந்திறங்கின. 24 கிலோவாட் மணி பற்றரி. புதிதாக இருந்தபோதே 120 கிலோமீற்றர் ஓடினால் பெரிது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஓரத்தில் 12 சின்னக் கோடுகள் தெரியும். அவைதான் பற்றரியின் உடல்நிலை. முதல் கோடு அணைந்தால் கொள்ளளவில் ஏறத்தாழ 15 வீதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் ஒவ்வொன்றாக அணையும்.

குளிரூட்டத் திரவமோ விசிறியோ இல்லாத பற்றரி அது. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் 2012இலேயே லீஃப்காரர்கள் கோடு குறைகிறதென்று சண்டைக்குப் போனார்கள். சூடு ஏற ஏற லித்தியம் பற்றரிக்குள் இருக்கும் காரீய (கிராஃபைட்) முனையின் மேல் படலம் தடிக்கும். மின்னைச் சுமக்க வேண்டிய லித்தியம் அந்தப் படலத்தில் சிக்கி வீணாகும். முழுச் சார்ஜோடு வெயிலில் நிற்கும் வண்டிக்குத்தான் சேதம் அதிகம். ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் காரை வெட்டவெளியில் விட்டவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது வருபவை வேறு சாதி. இலங்கைச் சந்தைக்கு வந்த, சீனக் கம்பெனி பிவைடியின் அட்டோ 3 போன்ற கார்களில் இருப்பது லித்தியம் இரும்பு பொஸ்பேற்று. நிக்கலும் கோபால்ட்டும் இல்லாததால் மலிவு. சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றலாம். பற்றரியைக் குளிர்விக்கவும் தனி ஏற்பாடு உண்டு. 60 கிலோவாட் மணி பற்றரிக்குக் கம்பெனி சொல்லும் தூரம் 420 கிலோமீற்றர். கொழும்பு 300க்குச் சற்று மேல்தான். ஏசியும் போட்டு, குடும்பத்தையும் ஏற்றிப் போகிறவர் குருணாகலில் ஒரு தேநீரும் ஒரு சார்ஜும் என்று திட்டமிடுவதே புத்தி.

பற்றரி விலையும் இறங்கியிருக்கிறது: 2010இல் ஒரு கிலோவாட் மணி பற்றரி 1,000 டொலருக்கு மேல், 2024இல் 115. அந்த இறக்கம் நமது வாசலுக்கு வருமுன் வரி அதை விழுங்கிவிடுகிறது என்பது தனிக் கதை.

வண்டிக்கு வேண்டிய மின்சாரமோ பகலில் மிஞ்சுகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. அதே நேரத்தில் கார்கள் அலுவலக வாசலில் சும்மா காய்கின்றன. பிளக்கில் போடுவதோ வீடு திரும்பி, ஊரே விளக்குப் போடும் நேரத்தில். கச்சேரியிலும் வங்கிகளிலும் நிறுத்துமிடத்துக்கு ஒரு தகரக் கூரை, அதன்மேல் சோலார், தூணில் ஒரு பிளக் என்று போட்டால் பற்றரிக்கு நிழலும் கிடைக்கும், மிஞ்சுகிற மின்சாரத்துக்கு வேலையும் கிடைக்கும். ஏற்கெனவே கூரையில் சோலார் பூட்டியிருக்கும் கட்டடங்களில் பிளக்கை மட்டும் போட்டு இதைத் தொடங்கலாம்.