இதயத்தின் மின்பாதை – 11: நுனி எதைத் தொடுகிறது?

சென்ற வாரம் பிரான்ஸின் போர்தோ நகரில் நிறுத்தியிருந்தோம். 1998-ல் மிஷேல் ஹைசாகேர் குழுவினர் 45 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். இதயத்தின் மேலறைகளான ஏட்ரியங்கள் தாறுமாறாக நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கிளப்பிவிடும் தறுதலைத் துடிப்புகள் பிறக்கும் இடங்களாக 69 இடங்கள் சிக்கின. அவற்றில் 65 நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. ஆள் இருக்கும் வீடு தெரிந்துவிட்டதே, உள்ளே போய்ச் சுட்டுவிட்டால் போகிறது என்று மருத்துவர்கள் இறங்கினார்கள். ஆனால் சுடப்பட்ட சிரைகள் சிலருக்கு நாளடைவில் சுருங்கி அடைபட்டன. மூச்சிரைப்போடும், இருமினால் ரத்தத்தோடும் அவர்கள் திரும்பி வந்தார்கள். அதன் பிறகு, சிரைக்குள் கை வைக்காமல், அது இடது ஏட்ரியத்தில் வந்து திறக்கும் வாயைச் சுற்றி வெளியிலேயே சுடுவது என்று முறை மாறியது.

அந்த வாய் எங்கே தொடங்குகிறது? எக்ஸ்ரே திரையில், சுடுவதற்காக இதயத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டரின் உலோக நுனி பளிச்சென்று தெரியும். மெல்லிய இதயச் சுவர் தெரியாது. நுனி சுவரில் பதிந்திருக்கிறதா, அரை மில்லிமீட்டர் தள்ளி ரத்தத்தில் மிதக்கிறதா என்பதை நிழலை வைத்து ஊகிக்கத்தான் முடியும். அந்த அரை மில்லிமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. நுனி வழியே பாயும் ரேடியோ அலை மின்சாரம் திசுவைச் சுமார் 50 டிகிரிக்குச் சூடாக்கினால் அது மீளாமல் செத்துப்போகும். நுனி மிதந்தால் மின்சாரம் ரத்தத்தில் இறங்கி, ஓட்டத்தோடு சூடும் போய்விடும். அழுத்திப் பிடித்தால் சுவரே துளைபடலாம்.

இங்கேதான், ஒலியலையால் படம் காட்டும், இதயத்துக்குள்ளேயே போகும் எக்கோ வந்து சேர்ந்தது. சுமார் 3 மி.மீ. தடிமன் உள்ள கதீட்டர். நுனியருகே 64 சின்னஞ்சிறு படிகங்கள் வரிசையாக இருக்கும். தொடைச் சிரை வழியாக ஏறி வலது ஏட்ரியத்தில் உட்கார்ந்து, இடைச்சுவருக்கு அப்பால் இருக்கும் இடது ஏட்ரியத்தை அது பார்க்கிறது. உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவைப் போல மயக்கம் கொடுத்துக் குழாய் விட வேண்டியதில்லை என்பது கூடுதல் வசதி.

ஆனாலும் இது ஏமாற்றும். இந்த எக்கோ காட்டுவது இதயத்தின் ஒரு மெல்லிய வெட்டை மட்டுமே. முருங்கைக்காயை எந்த இடத்தில் குறுக்கே நறுக்கினாலும் வட்டம்தான் தெரியும். நுனியா நடுவா என்று அந்த வட்டம் சொல்லாது. கதீட்டரும் அப்படித்தான். திரையில் சுவரை ஒட்டிப் பளபளக்கும் புள்ளி நுனியாக இருக்கலாம். நுனி வேறெங்கோ இருக்க, அதன் தண்டாகவும் இருக்கலாம். அதனால் கைதேர்ந்தவர் எக்கோ கதீட்டரின் பிடியைப் பாகை பாகையாகத் திருப்பி, புள்ளி மறையும் இடம் வரை தொடர்ந்து போவார். எதற்குப் பிறகு தடயமே இல்லையோ, அதுதான் நுனி. புதிதாகக் கற்பவர்கள் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான்.

2003-ல் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவர்கள் இதே திரையில் இன்னொன்றையும் படித்தார்கள். திசு மிதமிஞ்சிச் சூடாகும்போது நுனியிலிருந்து நுண்குமிழிகள் கிளம்பும். குமிழி தூவத் தொடங்கியதும் சக்தியைக் குறைத்து, மழையாகப் பொழிந்தால் நிறுத்திவிடுவார்கள். நுனியிலிருந்து உப்புநீர் பீய்ச்சும் கதீட்டர்கள் வந்த பிறகு இந்தக் குமிழி ஜோசியம் முன்போலப் பலிப்பதில்லை; அந்த நீரே திரையில் மின்னுகிறது.

2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, அழுத்தத்தை அளக்கும் கதீட்டர்கள் எத்தனை கிராம் என்று சொல்கின்றன. பொதுவாக 10 முதல் 20 வரை நாடுவார்கள். எதன் மேல் என்று சொல்வதில்லை. கீழறையில் வால்வைப் பிடித்துக்கொண்டு துடிப்புக்குத் துடிப்பு ஆடும் பாப்பில்லரி தசையைச் சுடும்போது இது புரியும். நுனி தசையிலிருந்து வழுக்கிப் பக்கத்துச் சுவரில் சாய்ந்தாலும் எண் அழகாகவே இருக்கும். எக்கோவில் மட்டும்தான் அந்த வழுக்கல் தெரியும். எண்ணும் படமும் முரண்பட்டால் நான் படத்தின் பக்கம்தான் நிற்பேன்.

சூடே இல்லாமல், மின்புலத் துடிப்பால் செல்லைக் கொல்லும் முறை இப்போது வேகமாகப் பரவுகிறது. பூவாக விரியும் ஐந்து கிளைக் கதீட்டர் அதில் ஒரு வகை. சூடு போனாலும் தொடும் கவலை போகவில்லை. சிரை வாயில் ஐந்து கிளைகளும் படிந்தனவா, ஏதாவது ஒன்று ரத்தத்தில் தொங்குகிறதா என்று பார்க்க அதே எக்கோவைத்தான் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மின்புலம் தசையை மட்டும் கொன்று நரம்பை எப்படி விட்டுவைக்கிறது என்பது அடுத்த வாரம்.