காட்டோடு ஒரு கேமரா – 14: ஒரே மரத்தைப் பாருங்கள்

ஜனவரி மாதச் சனிக்கிழமைகளில் வேடந்தாங்கல் ஏரிக்கரை முழுக்கக் கேமராக்கள்தான். ஜி.எஸ்.டி. சாலையில் இருட்டோடு கிளம்பி, படாளம் கூட்டுரோட்டில் திரும்பி, வாயில் திறப்பதற்கு முன்பே வந்து காத்திருப்பார்கள். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, ஐ.டி. கம்பெனி இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள். ஏதோ ஒரு புகைப்படப் போட்டியின் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். கையில் இருப்பது சனியும் ஞாயிறும் மட்டும். ஞாயிறு மாலை ஊர் திரும்பும்போது மெமரி கார்டு நிரம்பியிருக்கும். உட்கார்ந்து பார்த்தால் போட்டிக்கு அனுப்ப ஒரு படம் தேறாது. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, தூக்கத்தையும் விட்டுவிட்டு வருகிறவர்கள் இவர்கள். அந்த உழைப்பு வீணாகக்கூடாது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

வெளிச்சம் ஒரு காரணம். விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் சாய்ந்த மென்வெயில் கிடைக்கும். பிறகு வெயில் உச்சியிலிருந்து இறங்க ஆரம்பித்துவிடும். இந்த ஏரியில் பாதிப் பறவைகள் வெள்ளை: கொக்கு, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி. பின்னால் இருப்பதோ கரும்பச்சை இலையும் நிழல் விழுந்த தண்ணீரும். கேமரா அந்த இருட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பறவையின் முதுகு இறகே தெரியாத வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்து எடுப்பதே வழி. தூரம் இன்னொரு தொல்லை. நாம் கரையில் நிற்கிறோம், கூடுகள் இருக்கும் மரங்கள் ஏரிக்குள் நிற்கின்றன. வெயில் ஏறியதும் இடையில் உள்ள காற்று கானலாக நெளியும். 600 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவருக்கும் அப்போது படம் மங்கலாகத்தான் வரும். பலர் லென்ஸைக் குறை சொல்லிவிட்டு அடுத்த மாதமே புதிது வாங்குகிறார்கள். லென்ஸில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் இவையெல்லாம் சரியாக அமைந்த நாளிலும் படம் தேறுவதில்லை. போன சீசனில் ஒரு தம்பி கேமரா திரையைக் காட்டிக் கேட்டார்: “அண்ணே, காலையிலேர்ந்து எல்லாப் பறவையும் எடுத்துட்டேன். எதுவும் நிக்க மாட்டேங்குதே?” ஷட்டர் 1/2000, கண்ணில் ஃபோகஸ், இறகுகளை எண்ணிவிடலாம் என்ற அளவுக்குத் துல்லியம். “இந்தக் கூழைக்கடா என்ன பண்ணுது தம்பி?” என்றேன். “பறக்குதுண்ணே.” அதற்கு மேல் அந்தப் படத்தில் சொல்ல எதுவும் இல்லை. பறக்கும் கூழைக்கடாக்கள் நடுவர் மேசைக்கு மூட்டை மூட்டையாக வருகின்றன. அந்தத் தம்பியின் கையில் குறையில்லை. ஒரு பறவை எழுந்தால் அங்கே ஓடி, பாம்புத்தாரா தலை நீட்டினால் இங்கே ஓடி, எதனோடும் பத்து நிமிடம் இருக்காமல் போனதுதான் குறை.

ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு அதன் எதிரே உட்கார்ந்து பாருங்கள். நத்தைகுத்தி நாரைகளின் கூடு உள்ள நீர்க்கடம்பு மரமாக இருந்தால் நல்லது. ஆண் குச்சியைக் கொண்டுவரும், பெண் அதை வாங்கிக் கூட்டில் செருகும். குஞ்சு பொரித்த பிறகு, வெயில் ஏறினால் தாயோ தந்தையோ சிறகை அரைவட்டமாக விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். எல்லோரும் கேமராவை மூடிவைத்துச் சாப்பிடப் போகும் நேரம் அது. வளர்ந்த நத்தைகுத்தி அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சின் அலகில் அது கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது. இடைவெளியுள்ள அலகும் இல்லாத அலகும் அடுத்தடுத்து அமைகிற சட்டகம் ஒரு பறவையின் வாழ்க்கையையே சொல்லிவிடும். பொழுது சாயும்போது பகல் பறவைகள் கூட்டங்கூட்டமாக மரத்துக்குத் திரும்பும். அதே நேரத்தில் இராக்கொக்குகள் இரை தேடக் கிளம்பும். வருவதும் போவதும் ஒரே வானத்தில் குறுக்கிட்டுக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்களில், கரையில் இருப்பவர்களில் பாதிப் பேர் காரில் ஏறிவிட்டிருப்பார்கள்.

நம் மண்ணில் இந்தப் பொறுமையான கவனிப்பைச் செய்து காட்டிய முன்னோடிகளில் ஒருவர் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய ஒரு கருவியில் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். இன்று கடையில் கிடைக்கும் மிகச் சாதாரண கேமராவுக்குக்கூட அது வேகத்தில் ஈடாகாது. ஆனால் விலங்கு அடுத்த கணம் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் படங்களை இன்று பார்த்தாலும் அந்த அறிவுதான் முதலில் தெரிகிறது.

அந்தப் பொறுமை இல்லாத இடத்தில் குறுக்குவழி நுழைந்துவிடுகிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், 2009-இல் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படத்தின் பரிசு மறு ஆண்டே பறிக்கப்பட்டது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்தார்கள். 2017-இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புதின்னிப் படமும் அப்படியே தகுதியிழந்தது. அதில் இருந்தது பாடம் செய்த விலங்கு என்று நிபுணர்கள் கருதினார்கள். அதே போட்டியில் 2020-இல் வென்றவர் ரஷ்யாவின் செர்கே கோர்ஷ்கோவ். மரத்தைக் கட்டியணைத்து நிற்கும் பெண்புலி ஒன்றின் படத்துக்காக, தானியங்கிக் கேமராக்களைக் காட்டில் பொருத்திவிட்டு 11 மாதங்களுக்கு மேல் காத்திருந்தார். இரண்டு நாளில் அப்படி ஒரு படம் கிடைக்காது என்று சொல்ல வரவில்லை. கிடைக்கலாம். ஆனால் கிடைத்தே தீர வேண்டும் என்று கிளம்புகிறவர்தான் கைதட்டிப் பறவையை எழுப்புகிறார், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்கிறார், கூட்டை மறைக்கும் கிளையை ஒடிக்கிறார். தாய்ப்பறவை எழுந்துபோனால் குஞ்சு வெயிலில் கிடக்கும்; முட்டைக்குக் காகம் வரும். கூட்டில் இருக்கும் பறவையின் படங்களைப் பல போட்டிகள் இப்போது ஏற்பதே இல்லை. நல்ல விதி அது. நான் மேலே சொன்ன கூட்டுக் காட்சிகளைக் கரையிலிருந்தே எடுத்தாலும், போட்டிக்கு அனுப்பும் முன் அதன் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் காத்துவந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்பு உத்தரவும் வாங்கினார்கள். உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இது சேர்ந்தது 2022-இல். துப்பாக்கியிடமிருந்து அந்த மக்கள் மீட்டுக்கொடுத்த இடத்தில்தான் நாம் கேமராவோடு நிற்கிறோம்.

இங்கே சீசன் மார்ச் வரை இருக்கும். போகிற நண்பர்கள் ஒரு மரத்தை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். மதியம் கிளம்பிவிடாதீர்கள், இருட்டும்வரை இருங்கள். கரையை விட்டு இறங்காதீர்கள். பறவையை எழுப்ப யாராவது கைதட்டினால், அவர் உங்கள் குழுவின் மூத்தவராகவே இருந்தாலும், “வேண்டாம்ண்ணே” என்று தயங்காமல் சொல்லுங்கள்.

(தொடரும்)