இரத்தினபுரியின் பதினொரு ஆசனங்கள்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பெருந்தெரு, இரத்தினபுரியைக் கடந்து பெல்மதுளையை அடைந்ததும் கிளை பிரிகின்றது. ஒரு வழி பலாங்கொடைக்கு மலையேறுகின்றது. மற்றையது எம்பிலிப்பிட்டியை நோக்கித் தெற்கே இறங்குகின்றது. சந்தியைச் சூழ வயல்களும் மாணிக்கக் குழிகளும் உள. சற்று விலகிச் சென்றால் இறப்பரும் தேயிலையும் உள. சிவனொளிபாத மலையில் யாத்திரைக் காலம் முடிந்ததும் சமன் தேவரின் திருவுருவம் வந்து தங்கும் விகாரையும் இவ்வூரிலேயே இருக்கின்றது. நுவரெலியாவில் ஒரு தோட்டம் முடியுமிடத்தில் மற்றொரு தோட்டம் தொடங்கும். பெல்மதுளையிலோ ஒரு தோட்டம் முடியுமிடத்தில் சிங்களக் கிராமம் தொடங்கும். இந்தச் சிறு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டாலன்றி, 2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டம் அளித்த முடிவின் பொருள் விளங்காது.

முதலில் முடிவைப் பார்ப்போம். எகலியகொடை, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை, இறக்குவானை, நிவித்திகலை, கலவானை, கொலொன்னை என்னும் எட்டுத் தேர்தற் பிரிவுகள் சேர்ந்ததே இம்மாவட்டம். இதற்கு உரியவை 11 ஆசனங்கள். அவற்றுள் 8 ஆசனங்களைத் தேசிய மக்கள் சக்தியும், 3 ஆசனங்களை ஐக்கிய மக்கள் சக்தியும் பெற்றன. நாடு முழுவதிலும் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159 ஆசனங்களைப் பெற்ற தேர்தல் அது. ஆகவே இரத்தினபுரி மட்டும் வேறு வழியிற் சென்றதென்று கூறுவதற்கில்லை. ஆனால் அந்த எண்மரின் பெயர்ப்பட்டியலில் சுந்தரலிங்கம் பிரதீப் என்னும் மலையகத் தமிழர் ஒருவரின் பெயர் இருந்தது. மலையகத் தமிழர் ஒருவர் இம்மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானது அதுவே முதல் தடவை. அம்மாதமே அவர் பெருந்தோட்ட, சமூக உட்கட்டமைப்புப் பிரதி அமைச்சராகவும் நியமனம் பெற்றார். முதற் பாராளுமன்றம் கூடிய 1947ஆம் ஆண்டு தொடக்கம் எண்ணினால், இந்த ஒரு பெயருக்காக எழுபத்தேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமை இருந்தது. நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நாவலப்பிட்டி, பதுளை, அலுத்நுவர ஆகிய தொகுதிகளிலிருந்து தமிழர் எழுவர் சபைக்குச் சென்றனர். சௌமியமூர்த்தி தொண்டமானும், கவிஞராகிய சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுட் சேர்ந்தோர். இந்த ஏழு தொகுதிகளுள் ஒன்றேனும் சப்ரகமுவையைச் சேர்ந்ததன்று. சப்ரகமுவையில் ருவான்வெல்லைத் தொகுதி கலாநிதி என். எம். பெரேராவையும், கிரியெல்லைத் தொகுதி புளோரன்ஸ் சேனநாயக்காவையும் அனுப்பின. இருவரும் சமசமாஜ இயக்கத்தினர். தனித்து நின்று தம்மவர் ஒருவரைத் தெரிவு செய்யுமளவுக்குத் தொகையில்லாத இடங்களில், தோட்டத்து வாக்கு இவ்வாறு இடதுசாரிகளுக்குத் தோள் கொடுத்தது. அதன் பலனை ஆட்சியிலிருந்தோர் நன்கு கணக்கிட்டு வைத்திருந்தனர் என்பதை அடுத்து வந்த சட்டங்கள் காட்டுகின்றன.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949இல் நிறைவேறிய தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு தொகுதிகளும் தமிழ் உறுப்பினரை இழந்தன. இங்கே ஒரு விசித்திரத்தையும் குறிப்பிட வேண்டும். தொகுதிகளை வகுக்கும்பொழுது பிரஜைகளை மட்டும் எண்ணாது, குடிசனத்தொகை முழுவதையும் எண்ணும் முறையே பின்னரும் நெடுங்காலம் நிலவியது. எனவே மலைநாட்டுக்குக் கூடுதலான ஆசனங்கள் கிடைப்பதற்கு லயத்தில் வாழ்ந்தவனின் தலை கணக்கில் வந்தது. அந்த ஆசனத்தில் எவர் அமர்வது என்று தீர்மானிக்கையில் அவன் கணக்கில் வரவில்லை. 1960ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து தனித் தொகுதியாக விளங்கிய பெல்மதுளைக்கும் இது பொருந்தும்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இற் சமமாகப் பிரித்துக்கொண்டன. நாடற்றோர் பிரச்சினையை முடிவுக்குக் கொண்டுவர 1988ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் மேலும் சட்டங்கள் வேண்டியிருந்தன. இவற்றுக்கிடையே 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் சப்ரகமுவைத் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்து லயங்கள் பல எரிந்தன. அஞ்சி வவுனியாப் பக்கம் சென்று குடியேறிய குடும்பங்கள் அநேகம். வாக்குரிமை திரும்பி வந்த வேளையில், அதனைப் பயன்படுத்த வேண்டியவருள் ஒரு பகுதியினர் ஊரிலேயே இல்லை.

இனித் தேர்தல் முறைக்கு வருவோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஒருவரை மட்டும் தெரிவு செய்யும் பழைய தொகுதிகளை நீக்கி மாவட்ட விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. பாராளுமன்றத் தேர்தலில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 1989இல். மாவட்டத்தில் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு முதலில் ஓர் ஆசனம் ஊக்கமாக வழங்கப்படும். இருபதில் ஒரு பங்கு வாக்கேனும் பெறாத கட்சிகள் விலக்கப்படும். எஞ்சிய கட்சிகளின் வாக்குகளைக் கூட்டி, எஞ்சிய ஆசனங்களின் தொகையால் வகுத்தால், ஓர் ஆசனத்தின் விலை தெரியவரும்.

இரத்தினபுரியில் 2024இல் இக்கணக்கு எவ்வாறு அமைந்தது? தேசிய மக்கள் சக்திக்குச் சுமார் 3,68,000 வாக்குகள். ஐக்கிய மக்கள் சக்திக்குச் சுமார் 1,33,000 வாக்குகள். இரண்டையும் கூட்டிப் பத்தால் வகுக்க, ஓர் ஆசனத்தின் விலை 50,000 வாக்குகளுக்குச் சற்று மேலாகின்றது. முதற் கட்சிக்கு ஏழு முழு ஆசனங்கள் கிடைத்தபின் ஏறக்குறைய 17,000 வாக்குகள் எஞ்சின. இரண்டாம் கட்சிக்கு இரு முழு ஆசனங்கள் கிடைத்தபின் ஏறக்குறைய 33,000 எஞ்சின. மிச்சம் பெரிதாகையால் பத்தாவது ஆசனம் இரண்டாம் கட்சியைச் சேர்ந்தது. ஊக்க ஆசனத்தையும் சேர்க்க, எட்டும் மூன்றுமாயிற்று.

மாவட்டத்து மக்களில் தமிழர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர். அவர்களுள் வாக்காளர் அனைவரும் ஒருமுகமாக நின்று, ஒருவர் தவறாது சாவடிக்குச் சென்றாலும், ஓர் ஆசனத்தின் விலையைச் சிரமப்பட்டே எட்டலாம். நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. தொழிற்சங்கம் ஒரு பக்கம் இழுக்கும், உறவு ஒரு பக்கம் இழுக்கும். மாகாண சபையின் கதை வேறு. அங்கே இரத்தினபுரிக்கு 24 உறுப்பினர். ஆதலால் ஆசனத்தின் விலை பாதிக்கும் குறைவு. 2012ஆம் ஆண்டு சப்ரகமுவை மாகாண சபைத் தேர்தலில் மலையகக் கட்சிகள் ஒன்றுகூடிச் சேவல் சின்னத்தில் நின்று இரு ஆசனங்களை வென்றமைக்கு ஒற்றுமை மாத்திரமன்றி இந்தக் கணக்கும் காரணமாகும். ஒற்றுமை ஒற்றுமை என்று மேடைகளில் முழங்குவோர் வகுத்தற் கணக்கை மறந்துவிடுவதுண்டு.

பாராளுமன்றத்துக்கு எஞ்சியிருந்த வழி பெருங்கட்சியின் பட்டியல். வாக்காளர் கட்சிக்கு ஒரு புள்ளடியிட்டபின், அக்கட்சியின் வேட்பாளருள் மூவருக்கு வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். கட்சி எட்டு ஆசனங்களை வென்றால், விருப்பு வாக்கில் முதல் எட்டு இடங்களைப் பெற்றோர் உறுப்பினராவர். முன்னைய தேர்தல்களிலும் பெருங்கட்சிகளின் பட்டியலில் தமிழர் இடம்பெற்றதுண்டு. தோட்டத்து விருப்பு வாக்கு அவர்களுக்கு நிறைய விழுந்தது. கிராமத்து விருப்பு வாக்கு விழவில்லை. அதனால் பட்டியலில் அவர்கள் பின்தங்கினர். கட்சிக்கு வாக்குச் சேர்த்துக் கொடுத்தவர் வீடு திரும்ப, அவ்வாக்கின் துணையால் வேறொருவர் சபைக்குச் சென்றார். இது தோட்டங்களில் பழகிப்போன கசப்பு.

2024இல் மாறியது இந்த இடமே. மூன்று இலட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்த ஒரு பட்டியலில் எட்டாம் இடத்துக்குள் வருவதற்கு வேண்டிய விருப்பு வாக்குகளைத் தோட்டங்கள் மட்டும் அளித்திருக்க முடியாது. சிங்களக் கிராமத்தவர் பெருந்தொகையினர் தமிழ்ப் பெயரொன்றின் இலக்கத்துக்கு நேராகப் புள்ளடியிட்டிருக்கின்றனர். நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் லயங்கள் எரிந்த அதே மாவட்டத்தில் இது நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எனினும் இவ்வாறு தெரிவானவர் கட்சியின் அலையில் வந்தவர். அலை தணிந்து எட்டு ஆசனம் ஐந்தாகக் குறையுங்காலத்தும் அதே கிராமத்து விருப்பு வாக்கு நிலைக்குமா என்பது வேறு கேள்வி. வீட்டுக் காணி, நாட்கூலி, தோட்டப் பாடசாலை ஆகிய காரியங்களில் அவர் எவருடைய குரலாக நிற்பார் என்பதையும் பெல்மதுளையின் லயங்கள் உற்று நோக்கத்தான் செய்யும்.

அயல் மாவட்டமாகிய கேகாலையில் அன்றைய தினம் 9 ஆசனங்கள் போட்டிக்கு நின்றன. தேசிய மக்கள் சக்தி 7, ஐக்கிய மக்கள் சக்தி 2. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவான்வெல்லைப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களில் தமிழர் இரத்தினபுரியிற்போலவே கிராமங்களிடையே சிதறி வாழ்கின்றனர். அந்த ஒன்பதின்மருள் மலையகத் தமிழர் எவருமில்லை.